ஊறுகாய் என்னும் வினைத்தொகை

தமிழ் வகுப்புகளில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர்கள் தயங்காமல் சொல்லும் சொற்களுள் ஒன்று ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அச்சொல்லில் கரந்து நிற்கின்றன. இலக்கணத்துக்காக ஓதப்படும் இவ்வுண்மை அடுக்களைக்கும் பொருந்துவது வியப்பே. பழைய வீடுகளின் உக்கிராணத்தில் சென்ற ஆண்டின் எலுமிச்சை கறுத்து முற்றிக் கிடக்கும். பக்கத்து ஜாடியில் இவ்வாண்டின் வடு சுருங்கத் தொடங்கியிருக்கும். கொல்லை நாரத்தை மரத்தில் அடுத்த ஜாடிக்குரிய காய் பிஞ்சாகத் தொங்கும். பெயரிட்டவர் யாரோ தெரியாது. பொருளை நன்கு அறிந்தவர் என்பது மட்டும் திண்ணம்.

தமிழரின் உணவு வரலாற்றை எழுதியோர் விருந்தைப் பற்றியும் கள்ளைப் பற்றியும் ஊனைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். சமைத்த அன்றே உண்டு தீரும் உணவுக்குக் கிடைத்த இடம், ஓராண்டுக்கெனச் சேமித்து வைக்கும் உணவுக்குக் கிடைத்ததில்லை. ஊறுகாய், வற்றல், வடகம், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம் ஆகியன இலையின் ஓரத்தில் இடப்படுவதாலோ என்னவோ, ஆய்வின் ஓரத்திலும் நின்றுவிட்டன. ஆனால் மழை பொய்த்த ஆண்டிலும், காய்கறி விளையாத கோடையிலும், கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் குடும்பத்துக்குச் சோறு இறங்கியது இவற்றைக் கொண்டே. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறுவதற்கு முன்பே பாட்டில் ஏறிவிட்டது என்பது கருதத்தக்கது.

ஒரே பாட்டில் இரு வீடுகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழிகாட்டுவது. வழிகாட்டும் சாக்கில் அப்புலவர் தொண்டை நாட்டு அடுக்களைகள் பலவற்றினுள் நம்மை அழைத்துச் செல்கிறார். எயினர் குடியிருப்பில் பெண்கள் இரும்புப் பூண் இட்ட கோலால் நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கின்றனர். அதனை நில உரலில் குற்றி, தோண்டிய ஊற்றின் உவர்நீரில் உலையேற்றிச் சமைத்து, வாடூனோடு தருகின்றனர். வாடூன் என்பது காயவைத்த இறைச்சி. இதுவும் வினைத்தொகையே. எறும்பின் சேமிப்பைத் தோண்டி எடுப்பவர்கள் தாமும் ஊனைக் காயவைத்துச் சேமித்தார்கள். உலைக்கு அவர்கள் கொண்ட நீரே உவர்நீர் என்பது, உப்பு எளிதில் கிட்டாத ஒரு நிலத்தின் நிலைமையை ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறது.

சில நூறு அடிகள் கடந்தபின் மறையவர் இல்லம் வருகிறது. அங்கே சோற்றோடு, செம்பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சின் பிளவு, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்து படைக்கப்படுகிறது. கூடவே மாவடு ஊறிய காடியும் வருகிறது. புலவர் மாமரத்தைக் கொக்கு என்னும் பழஞ்சொல்லால் குறிக்கிறார். வடு என இன்று வழங்குவது அவர் நாவில் வடி. காடி என்பது புளித்த நீர். மிளகாய் இல்லை, நல்லெண்ணெய் பற்றிய பேச்சும் இல்லை. ஆயினும் இளமாங்காயைப் புளிநீரில் இட்டுப் பதப்படுத்தும் முறை அன்றே முழுமை பெற்றிருந்தது. தமிழில் கிடைக்கும் ஊறுகாய்ச் செய்திகளுள் மிகப் பழையனவற்றுள் இஃது ஒன்று. பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டிராவிடில், இந்தக் காடியின் மணம் சுவடிக் கட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

எயிற்றியின் வாடூனும் மறையவர் மனையின் வடுவும் ஒரே பாட்டில் இடம்பெறுவது தற்செயல் அன்று. ஆற்றுப்படையில் பாணன் போகும் நேரம் எவர்க்கும் தெரியாது. முன்னறிவிப்பின்றி வரும் விருந்துக்கு உடனே எடுத்து வைக்கத்தக்கது எதுவோ அதுவே இல்லத்தின் மெய்யான செல்வம். வறிய குடியும் வளமான குடியும் தத்தமக்குக் கிடைத்ததை வெயிலிலோ உப்பிலோ புளிப்பிலோ நிறுத்தி வைத்திருந்தன. பண்டம் வேறுபட்டது, கையாண்ட அறிவு ஒன்றே.

உருத்திரங்கண்ணனாரே பாடிய பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி உண்டு. முற்றத்தில் உலர வைத்த நெல்லைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் தம் காதின் கனத்த குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் மூன்று கால் தேரின் வழியில் கிடந்து தடை செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே இக்காட்சி வந்தது என்பர். உண்மைதான். ஆனால் அத்துணைச் செல்வம் படைத்த வீட்டிலும் உலர்த்திய தானியத்துக்குக் காவல் இருந்தவள் ஒரு பெண் என்பதும் அதில் உண்டு. நெய்தல் பாடல்களிலும் இவ்வாறே. சுறாவின் நிணத்தை அறுத்து மணலில் உணக்கி, பறவை கவராமல் ஓட்டி நிற்கும் பரதவர் மகள் நற்றிணையில் தன் குடியின் தொழிலையே தன் அடையாளமாகச் சொல்லக் கேட்கிறோம். மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவலாகக் குச்சியோடு அமர்த்தப்பட்ட பிற்காலச் சிறுமிகளுக்கு, இலக்கியத்தில் இவ்வளவு பழைய முன்னோர் இருக்கின்றனர்.

இறைவன் கடித்த வடு

மாவடு, பக்தி இலக்கியத்தில் எதிர்பாராத பெருமை பெறுகிறது. வடுவின் பிளவைக் கண்ணுக்கு உவமை கூறுவது புலவர் மரபு. மாணிக்கவாசகரும் உமையின் கண்ணைச் சொல்லுமிடத்து அவ்வுவமையைக் கொண்டார். கண்ணால் காணும் வடுவைக் காதால் கேட்கச் செய்தவர் சேக்கிழார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் வரும் அரிவாட்டாய நாயனார், சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளர். தாயனார் என்பது இயற்பெயர். இறைவனுக்கு நாள்தோறும் செந்நெல்லரிசி அமுதும் செங்கீரையும் மாவடுவும் படைப்பது அவர் நோன்பு. செல்வம் அழிந்து கூலிக்கு நெல்லறுக்கும் நிலை வந்தபோதும் அவர் அதை விடவில்லை. கூலியாகப் பெற்ற செந்நெல் இறைவனுக்கு, கார்நெல் தமக்கு. கார்நெல்லும் கிட்டாதபோது மனைவியார் கொல்லைக் கீரையைப் பறித்துச் சமைத்தார். ஒருநாள் கூடையில் அமுதோடு செல்கையில் பசித்தளர்ச்சியால் தாயனார் கால் இடறினார். ஆனைந்து ஏந்திப் பின்வந்த மனைவியார் கலத்தை மூடிய கையால் அவரை அணைத்தும், கூடையில் இருந்தவை நில வெடிப்பில் சிந்தின. ஊட்டும் பேறு இழந்தேன் என்று அவர் அரிவாளைக் கழுத்தில் பூட்டியபோது, வெடிப்பிலிருந்து ஒரு கை எழுந்து தடுத்தது. வடுவைக் கடிக்கும் ஓசையும் உடன் எழுந்தது. விடேல் என்பது சேக்கிழார் அதற்கிட்ட ஒலிக்குறிப்பு.

பத்திமை பற்றிய விளக்கங்களைச் சைவ அறிஞர்கள் எழுதியுள்ளனர். அவை ஒருபுறம் நிற்க, அந்த ஒலிக்குறிப்பைச் சற்றுக் கவனிக்கலாம். முற்றிய காய் அவ்வாறு ஒலிக்காது. கனி ஒலிக்கவே ஒலிக்காது. கொட்டை கெட்டிப்படுமுன் பறித்த பிஞ்சுக்கே அந்த ஓசை உண்டு. சேக்கிழார் வடுவைக் கடித்துப் பார்த்தவர். இறைவன் ஏற்றுக்கொண்டான் என்பதற்கு அசரீரியையோ விமானத்தையோ முதற்சான்றாக்காமல், ஒரு பிஞ்சு மாங்காய் பல்லில் படும் ஓசையைச் சான்றாக்கியது தமிழ்ப் புலமையின் துணிவு. கவிஞர்கள் இவ்விடத்தை மீண்டும் படிப்பது நன்று. அம்மையாருக்குப் புராணம் பெயர் சூட்டவில்லை என்பதும் உடன் நினைக்கத்தக்கது. கீரையைப் பறித்ததும் கலத்தைச் சுமந்ததும் அவர் கைகள்.

உறைப்பும் உப்பும்

இன்று ஊறுகாய் என்றவுடன் நினைவில் எழும் செந்நிறம் ஐந்நூறு ஆண்டுக்கு உட்பட்டது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் செடி. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியபின் போர்த்துகீசியர் வழியே அது இந்நாடு வந்தது. தமிழர் புதிய காய்க்குப் பழைய பொருளின் பெயரையே நீட்டி, மிளகு போன்ற காய் என்னும் கருத்தில் மிளகாய் என்றனர். அதற்கு முன்பு உறைப்புக்கு மிளகே. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டு, கோயில் அமுதுபடிக்கு வேண்டிய காயமாக மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகியவற்றைக் குறிக்கிறது. பச்சைமிளகுக் கொத்தை எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. மிளகாய்க்கு முந்திய சுவை எத்தகையது என்று அறிய விரும்புவோர் அதை உண்டு பார்க்கலாம்.

வந்தது போலவே போனதும் உண்டு. மாங்காய் என்னும் நம் சொல் போர்த்துகீசியத்தில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. கனி கப்பலில் அழுகும்; ஊறுகாய் அழுகாது. ஆதலால் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் மாங்காயைப் பெரும்பாலும் ஊறிய நிலையிலேயே அறிந்தனர். முலாம்பழம், பீச்சுப்பழம் முதலியவற்றை ஊறவைத்து அவற்றுக்கும் மேங்கோ என்று பெயரிட்டனர். அப்பெயரை ஊறவைத்தல் என்னும் பொருளில் வினைச்சொல்லாகவும் ஆண்டனர். ஈழத் தமிழில் ஊறுகாய்க்கு இணையாக வழங்கும் அச்சாறு என்னும் சொல்லோ பாரசீகம் முதல் மலாய் வரை கடற்கரை தோறும் உலவும் சொல்லின் உறவு. யாழ்ப்பாணம் இக்கலையில் தனிவழி கண்டது. பனம்பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்த பனாட்டும், பனங்கிழங்கைப் பச்சையாக உலர்த்திய ஒடியலும், அவித்து உலர்த்திய புழுக்கொடியலும் அங்குள்ள மண்ணும் மரமும் தந்த சேமிப்பு. போரின் ஆண்டுகளில் வழிகள் அடைபட்டபோது அவை பலருக்கு நொறுக்குத்தீனியாக அன்றி உணவாகவே இருந்தன.

உறைப்பின்றி ஊறுகாய் உண்டு, உப்பின்றி இல்லை. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அவ்வுவர்நீரில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை; புளிப்பாக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் பெருகிக் காயைக் காக்கின்றன. ஈரக் கையோ ஈரக் கரண்டியோ படலாகாது என்ற பாட்டிமார் கட்டளை இதனின்றும் பிறந்தது. நீர் பட்ட இடத்தில் உப்பு நீர்த்துப் பூஞ்சணம் பூக்கும். எண்ணெய் மேலே மிதந்து காற்றைத் தடுக்கும். கடுகின் காரமும் காவல். அறிவியல் இதற்குப் பெயர்கள் தருமுன்பே விதிகள் நிலைபெற்றுவிட்டன.

எனவே உப்பின் விலை ஏறினால் ஜாடி அளவு குறையும். உமணர் வண்டிகளில் சென்று நெல்லுக்கு ஈடாக உப்பு விற்ற காலத்துக்கும், ஆங்கிலேயர் உப்புக்கு வரி விதித்த காலத்துக்கும் இடையே உப்பு வெறும் பண்டமாக இருந்த நிலை மாறி, அரசின் கருவூலமாயிற்று. வரி உயர்வால் கடற்கரையில் மீனைப் பதப்படுத்துவோர் உப்பு வாங்கவியலாது உவர்மண்ணைத் தடவினர். மீன் கெட்டது. சென்னை மாகாண அரசு 1870களிலிருந்து கடற்கரையில் மீன் பதனிடு களங்களை அமைத்து, அவற்றின் வேலிக்குள் மட்டும் வரியில்லா உப்பு வழங்கியது. வீட்டு அடுக்களைக்கு அத்தகைய வேலி கிடைக்கவில்லை. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் நாள் உப்பெடுத்தனர். நாமக்கல் கவிஞர் வழிநடைப் பாட்டு எழுதிய அப்போராட்டம் அரசியல் வரலாற்றில் உரிய இடம் பெற்றுள்ளது. வரி 1947இல் நீங்கியது. கஞ்சிக்கு உப்புக்கல்லும் ஊறுகாய்த் துண்டுமே கறியாகக் கொண்ட வீடுகளில் அவ்விடுதலை நாவிலேயே உணரப்பட்டிருக்கும்.

கைகள்

வடு போடும் முறை எளிது போலத் தோன்றும். மாசி, பங்குனியில் வரும் பிஞ்சைக் காம்பு சற்றே நிற்கக் கிள்ளிக் கழுவி, நிழலில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல்லுப்பும் மஞ்சளும் இட்டு ஜாடியில் அடைப்பர். எடையில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி உப்பு. நாள்தோறும் ஜாடியைக் குலுக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் நீர் விடும். ஒரு வாரத்தில் தோல் சுருங்கும். அதன்பின் அரைத்த கடுகும் மிளகாயும். அடிபட்ட பிஞ்சு ஒன்று கலந்தாலும் ஜாடி முழுதும் கெடும். எந்தப் பிஞ்சு அடிபட்டது என்பதைக் கண்ணைவிட விரல் முன்னதாக அறியும். இவ்விரலறிவையே கைப்பக்குவம் என்றனர்.

வடகம் இதனினும் கடுமையானது. விடியுமுன் எழுந்து அரிசிக் கூழ் கிண்டி, வெயில் ஏறுமுன் பிழிந்தாக வேண்டும். தாளிப்பு வடகத்துக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் கலந்து பிசைந்து, பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் பிசைந்து உருட்டி, இவ்வாறு பத்து நாள் வரை. சித்திரை வெயிலில் மாடியில் நின்றவர்களின் உழைப்பு, சுவை என்ற ஒற்றைச் சொல்லில் மறைந்துவிடுகிறது.

அவ்வாறு மறைந்தோருள் கைம்பெண்கள் தனித்துச் சுட்டத்தக்கவர். வேளை என்னும் ஒரு கீரை புறநானூற்றில் இருமுறை சுவையோடு வருகிறது. கோப்பெருஞ்சோழன் பாட்டில் ஆய்மகள் அதன் வெண்பூவைத் தயிரிலிட்டு வரகுச் சோற்றோடு சமைக்கும் புளிமிதவை, நண்பன் வரும் நாட்டின் இனிய உணவு. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் பாட்டிலோ அதே வேளை, எள்ளும் புளியும் சேர்த்து நெய்யின்றி வேகவைத்த கைம்மை உணவு. அதை உண்டு வாழ்வதினும் ஈமத் தீ தனக்கு இனிது என்கிறாள் அவள். கீரை ஒன்றே, உண்பவள் நிலை சுவையை மாற்றிவிட்டது. பல நூற்றாண்டுக்குப் பின்னும் உறவினர் வீட்டில் ஒதுங்கிய இளங்கைம்பெண்களின் நாள்கள் அப்பளம் இடுவதிலும் வடகம் பிழிவதிலும் கழிந்தன. ஊர் மெச்சும் அப்பளத்தைச் செய்தவள் மங்கல நாளின் பந்தியருகே வரலாகாது. மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் ஊறுகாய் கெடும் என்ற விதியும் இவ்வகையதே. ஈரக் கரண்டிக்குக் காரணம் உண்டு. இவ்விதிக்கு எக்காரணமும் இல்லை. ஒரே ஜாடியைச் சுற்றி அறிவும் அறியாமையும் அருகருகே நின்றன. சகோதரி சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் கைம்பெண்களுக்கென சாரதா இல்லம் தொடங்கி அவர்களைக் கல்விக்கு அழைத்தபோது, பலருக்கு அது அடுக்களையின் பின்கட்டிலிருந்து வெளியேறும் முதல் வாயில்.

வாய்மொழியாக வந்த அளவுகள் அச்சில் ஏறியதில் எஸ். மீனாட்சி அம்மாளின் பங்கு பெரிது. இளமையிலேயே கணவரை இழந்த அவர் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’, புக்ககம் சென்ற பெண்களின் பெட்டியில் இடம்பெற்றது. கண்ணளவு, கையளவு என்றிருந்தவற்றைப் படிக்கணக்கில் எழுதி வைத்தமை சிறு பணி அன்று. தாயோ மாமியாரோ அருகில் இல்லாத ஊர்களில் குடித்தனம் நடத்தத் தொடங்கிய ஒரு தலைமுறைக்கு அந்நூல் மூத்தாள் ஒருத்தியின் குரலாயிற்று. இலக்கிய வரலாறுகள் அதனைக் குறிப்பதில்லை. குறித்தால் குறை ஒன்றுமில்லை. தெளிந்த உரைநடைக்கு அதில் நல்ல சான்றுகள் உள்ளன.

பின்னர்க் கடைப் புட்டிகள் வந்தன. இந்திய அரசு 1955இல் பழப்பொருள் ஆணை பிறப்பித்து ஊறுகாய் உற்பத்தியையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. முற்றமில்லா அடுக்குமாடி வீடுகளும், வேலைக்குச் செல்லும் பெண்களின் பொழுதின்மையும் மீதியைச் செய்தன. இதனை ஓயாமல் இரங்குவோர் பலர் வடகம் பிழியாத ஆண்கள் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்குப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில், அதே வற்றலும் ஊறுகாயும் கூலியும் கணக்கும் உள்ள தொழிலாயின. பெயரற்றிருந்த உழைப்புக்கு வரவு செலவுப் பேரேட்டிலேனும் கையொப்பம் கிடைத்தது.

இழப்பு உண்மையில் நேர்ந்திருப்பது சொற்களில். காடி என்றால் இன்று பாடநூலின் அமிலமே நினைவுக்கு வருகிறது. மிதுக்கு வற்றல், உப்புக்கண்டம், கருவடகம் ஆகியவற்றை அகராதியில் தேடும் மாணவர்கள் உள்ளனர். வடு தீர்ந்தபின் ஜாடியின் அடியில் எஞ்சும் மஞ்சள் கலந்த உவர்நீரை வீணாக்காமல், சுண்டைக்காயையோ பச்சைமிளகாயையோ அதிலிட்டு ஊறவைத்து வெயிலில் உலர்த்தும் வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. வைகாசியில் அந்நீர் வற்றும். மழைக்காலத்துக்கு அந்த வற்றல் டப்பாவில் ஏறும்.